பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க!

"ஏம்ப்பா, வயசுப் பிள்ளைதானே? கொஞ்சம் எந்திரி... பெரியவரு நிக்கிறாருல்ல!"

ராமநாதபுரத்திலிருந்து தொண்டிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். தேவிபட்டினம் வருவதற்குள் இந்த வசனம் உங்கள் காதில் விழாமல் போகாது. சொல்கிறவர் கெட்டவர் இல்லை. யாரோ ஒரு பெரியவருக்காகப் பரிந்து பேசுகிற நல்ல மனுஷர்தான். பஸ்ஸில் பாதிப் பேர் 'அதானே!' என்று தலையாட்டுவார்கள். அந்தப் பையன் என்ன செய்வான்? ஒன்று, தலையைக் குனிந்துகொண்டு எழுந்துவிடுவான். இல்லையென்றால், "எனக்கு உடம்புக்கு முடியாதுங்க" என்று மெதுவாகச் சொல்வான். உடனே வரும் பாருங்கள் அடுத்த வசனம்:

"பார்த்தா நல்லாத்தானே இருக்கே!"

அந்தப் பையனுக்கு ஹீமோஃபீலியா என்று வைத்துக்கொள்வோம். ரத்தத்தை உறைய வைக்கும் சத்துகளில் ஒன்று (8-ஆம் எண் அல்லது 9-ஆம் எண் காரணி) அவன் உடம்பில் பிறவியிலேயே குறைவு. வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால், நெரிசலில் ஒருவர் இடித்து, பஸ் பள்ளத்தில் குதித்து, முழங்கால் கம்பியில் மோதினால் போதும்... மூட்டுக்குள்ளேயே ரத்தம் கசிய ஆரம்பித்துவிடும். ராத்திரிக்குள் முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கும். இப்படிப் பல தடவை ஆகி ஆகி, மூட்டு நிரந்தரமாகவே தேய்ந்துபோன இளைஞர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. அவனுக்கு அந்த சீட் ஒரு சொகுசு இல்லீங்க, சிகிச்சையில் ஒரு பகுதி!

இப்போது சொல்லுங்கள், அவன் முகத்தைப் பார்த்து இதை யாராவது கண்டுபிடிக்க முடியுமா?

நீல நிறப் படம் செய்த வேலை

ஆஸ்பத்திரி வாசலிலும், ரயில் நிலையத்திலும், பெரிய கடைகளின் கார் நிறுத்துமிடத்திலும் ஒரு படம் பார்த்திருப்பீர்கள். நீலப் பின்னணியில் வெள்ளையாக ஒரு சக்கர நாற்காலி. 1968-ல் டென்மார்க்கைச் சேர்ந்த சூசன் கோஃபோட் என்ற வடிவமைப்பு மாணவி வரைந்தது. அவர் வரைந்தபோது வெறும் நாற்காலிதான் இருந்தது. 'இதில் மனுஷனே இல்லையே!' என்று பிறகு மேலே ஒரு வட்டம் வைத்துத் தலையாக்கினார்கள்.

உலகத்துக்கே பொதுவான, எந்த மொழிக்காரருக்கும் புரிகிற படம்தான். ஆனால், அது நம் மனசில் ஒரு காரியம் செய்துவிட்டது. ஊனம் என்றால் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், கறுப்புக் கண்ணாடி. இவை மூன்றும் இல்லாவிட்டால் ஆள் நல்ல ஆள்! இப்படியே பழகிவிட்டோம்.

அதனால்தான் அந்தப் படம் போட்ட இடத்தில் ஒருவர் காரை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து, இரண்டு காலில் இறங்கி நடந்தால் வாட்ச்மேன் விசிலை எடுத்துவிடுகிறார். "சார், வண்டிய எடுங்க. இது ஊனமுற்றவங்களுக்கு!" பக்கத்தில் நிற்பவர்கள் முறைக்கிறார்கள். சிலர் செல்போனில் படமே எடுத்துவிடுகிறார்கள்.

அந்த மனிதர் எப்படி நடந்தார் என்று அவர்கள் பார்த்தது முதல் 20 அடியைத்தான். அதற்குப் பிறகு என்ன ஆகிறது தெரியுமா?

சங்குக் கடையில் நிற்பவர்

சர்க்கரை நோய், பல வருஷத்துப் புகைப் பழக்கம், ரத்தக் கொதிப்பு. இவற்றால் காலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் உள்ளே கொழுப்புப் படிந்து குறுகிவிடும். உட்கார்ந்திருக்கும்போது அந்தக் குறைந்த ரத்தமே காலுக்குப் போதும். ஒரு தொந்தரவும் தெரியாது. எழுந்து நடக்க ஆரம்பித்தால் கெண்டைக்கால் தசை அதிக ரத்தம் கேட்கும். குழாயோ கொடுக்காது. 50 மீட்டரோ, 100 மீட்டரோ... அவரவர் அடைப்பைப் பொறுத்து, ஓர் இடத்தில் கெண்டைக்காலைக் கிட்டி போட்டு இறுக்கினாற்போல வலி பிடிக்கும். நின்றால் சில நிமிஷத்தில் போய்விடும். மறுபடி நடந்தால் கிட்டத்தட்ட அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும்.

ராமேஸ்வரம் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகும்போது உங்கள் வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு சங்குக் கடையிலும், பாசிமணிக் கடையிலும் நின்று நின்று வேடிக்கை பார்க்கிறாரா? ஒன்றும் வாங்குவதில்லை, ஆனால் நிற்கிறார் என்றால் கொஞ்சம் கவனியுங்கள். வலியை மறைக்கத்தான் அப்படிச் செய்கிறாரோ என்னவோ! ஜெர்மனியில் இந்த நோய்க்குப் பெயரே 'கடை ஜன்னல் நோய்'. வலி விடும் வரைக்கும் கடைக் கண்ணாடியை வேடிக்கை பார்ப்பது போல நடிப்பார்களாம்.

இவருக்குக் கார் நிறுத்துமிடம் 200 மீட்டர் தள்ளி இருப்பதும், 30 மீட்டரில் இருப்பதும் ஒன்றா? முதலாவதில் அவர் நாலு இடத்தில் நின்று, வியர்த்து, கடைசியில் 'நீங்க போயிட்டு வாங்க, நான் காரிலேயே இருக்கேன்' என்று சொல்லிவிடுவார்.

(ஒரு வார்த்தை: இந்த வலி இருப்பவர்கள் 'வயசானா அப்படித்தான்' என்று விடக்கூடாது. சிகரெட்டை அறவே நிறுத்துவது, சர்க்கரையையும் கொழுப்பையும் கட்டுக்குள் வைப்பது, டாக்டர் சொல்கிற முறையில் நடைப்பயிற்சி ஆகியவற்றால் நல்ல பலன் உண்டு. ராத்திரி படுத்திருக்கும்போதே கால் வலித்தாலோ, விரலில் புண் ஆறாமல் இருந்தாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.)

இதயம் பலவீனமானவர்களின் கதையும் இதே மாதிரிதான். இதயத்தின் ஒவ்வொரு துடிப்பிலும், உள்ளே நிரம்பிய ரத்தத்தில் சுமார் 55 முதல் 70 சதவீதம் வெளியே போக வேண்டும். அது 30-க்கு இறங்கிவிட்டவர் நாற்காலியில் உட்கார்ந்து ஜோக் அடித்துக்கொண்டிருப்பார். சிவப்பாக, வாட்டசாட்டமாகக்கூட இருப்பார். ஒரு மாடி ஏறச் சொல்லுங்கள், பேச முடியாமல் மூச்சு வாங்கும்.

காலையில் சோம்பேறி, பத்து மணிக்குச் சுறுசுறுப்பு!

பஸ்ஸும் பார்க்கிங்கும் இருக்கட்டும். நம் வீட்டுக்குள்ளேயே நடக்கும் தீர்ப்பு ஒன்று இருக்கிறதே, அதைக் கொஞ்சம் பார்ப்போமா?

'எங்க மருமக காலையில எந்திரிக்கவே மாட்டேங்கிறா. எந்திரிச்சாலும் ஒரு மணி நேரம் கட்டில்லயே உக்காந்திருப்பா. பத்து மணியானா போதும், எல்லா வேலையும் பார்ப்பா. அப்ப முடியறது காலையில மட்டும் ஏன் முடியல? எல்லாம் சோம்பேறித்தனம்!'

இப்படிச் சொல்லாத மாமியார்கள் குறைவு. (மாமியாருக்கே அந்த வியாதி வந்தால் மருமகள் சொல்வதும் இதேதான்.) முடக்குவாதம் என்கிற ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸின் அடையாளமே இதுதான். உடம்பின் எதிர்ப்பு சக்தி, தன் மூட்டுகளையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. ராத்திரி முழுக்க அசையாமல் இருந்த மூட்டுகள் காலையில் இறுகிக் கிடக்கும். விரலை மடக்க முடியாது, பால் பாக்கெட்டை வெட்ட முடியாது, குழாயைத் திருக முடியாது. அரை மணியிலிருந்து ஒரு மணி, சில சமயம் அதற்கும் மேல். அப்புறம் நடமாட நடமாட இளகும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. முப்பது, நாற்பது வயதில்கூட வரும்.

'முட்டி வலின்னா ராத்திரி ஆக ஆகத்தானே அதிகமாகணும்?' என்று கேட்பீர்கள். அது தேய்மானத்தால் வரும் மூட்டு வலி. இது வேறு. இதில் இன்னொரு வேடிக்கை, தினமும் ஒரே மாதிரி இருக்காது. நேற்று கல்யாண வீட்டில் சிரித்துப் பேசிப் பரிமாறியவர் இன்றைக்கு எழுந்திருக்க மாட்டார். பார்க்கிறவர்களுக்கு நேற்று கண்ணில் பட்டதுதான் நிஜம், இன்றைக்கு இருப்பது நடிப்பு!

மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்று நரம்புகளின் மேலுறை சிதைகிற ஒரு வியாதி. அதில் பலருக்கு உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே கால் தளரும், பார்வை மங்கும். குளிர்ந்தால் சரியாகும். சித்திரை மாதத்து ராமநாதபுரம் வெயிலில் அவரை நிற்க வைத்துவிட்டு, 'ஏ.சி. ரூம்ல மட்டும் நல்லா இருக்காரே' என்று கிண்டல் செய்தால் எப்படி? பார்க்கின்சன் வியாதிக்காரருக்கு மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் நடை சரியாக இருக்கும். அதன் வேகம் குறையும் நேரத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவார். ஒரே ஆள்தான். எந்த மணிக்கு நீங்கள் பார்த்தீர்கள் என்பதுதான் வித்தியாசம்.

கண் தெரிகிறது, ஆனால் தெரியவில்லை!

'கண்ணு தெரியலையா?' என்று ரோட்டில் சர்வ சாதாரணமாகக் கேட்கிறோம். நிஜமாகவே தெரியாதவராக இருந்தால்?

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை வியாதியில் முதலில் மாலை வெளிச்சத்தில் பார்வை போகும். பிறகு சுற்றுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும், ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல. நேர் எதிரே இருப்பது மட்டும் தெரியும். அவரால் பேப்பர் படிக்க முடியும். பக்கத்தில் இருக்கும் விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொள்வார். சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்கிற குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல் என்பதால், நம் பக்கத்துக்கு இது அந்நியமான வியாதி இல்லை. வெள்ளைக் கோலை மடியில் வைத்துக்கொண்டு அவர் செல்போனைப் பார்த்தால் போதும். 'குருடன் மாதிரி நடிக்கிறான்' என்று பேச்சு கிளம்பிவிடும்.

காது விஷயமும் அப்படியே. படகு எஞ்சின் பக்கத்தில் வருஷக்கணக்கில் நின்று தொழில் செய்தவர்களுக்கு, அந்த இரைச்சலாலேயே காது மந்தமாவது உண்டு. முதலில் போவது கீச்சென்ற மெல்லிய ஓசைகள். பேச்சுச் சத்தம் கேட்கும், வார்த்தை பிரியாது. கடற்கரை ஊரில் ஒரு பெரியவரைப் பின்னாலிருந்து நாலு தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால், திமிர் என்று எழுதிவிடாதீர்கள். முன்னால் போய் முகம் பார்த்துப் பேசுங்கள்.

ஏர்வாடி சொன்ன செய்தி

கண்ணுக்குத் தெரியாத வியாதிகளிலேயே அதிகம் தீர்ப்பு வாங்குவது மனசு சம்பந்தப்பட்ட வியாதிதான். இதே ராமநாதபுரம் கடற்கரையில்தான் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதிகாலை, அங்கே தனியார் நடத்திய ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று தெளிவாகத் தடை போட்டது. ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்களுக்கு, பிரார்த்தனையை விடச் சொல்லாமல், கூடவே மருத்துவமும் தருகிற ஏற்பாட்டை அரசு செய்தது.

அன்றைக்குச் சங்கிலி. இன்றைக்கு நாம் போடுவது வேறு மாதிரி. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு, வேலைக்குப் போய், நாலு பேரோடு பேசிப் பழகுகிறவரைப் பார்த்து, 'நல்லாத்தானே இருக்கான், அப்புறம் எதுக்கு சர்டிஃபிகேட், சலுகை?' என்கிறோம். அவர் நன்றாக இருப்பதே மாத்திரையாலும், நேரத்துக்குத் தூங்குவதாலும், கூட்டத்தையும் சத்தத்தையும் கொஞ்சம் தவிர்ப்பதாலும்தான். அந்த முட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு அப்புறம் பார்த்தால் தெரியும்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் அம்மாக்களைக் கேளுங்கள், கண்ணீர் விடுவார்கள். கோயில் மேளச் சத்தத்தில் ஏழு வயசுப் பையன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டு அழுகிறான். உதவிக்கு வரும் கை ஒன்று. 'பிள்ளைய வளர்க்கத் தெரியல' என்று வரும் வாய் பத்து. 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில், பதற்றமாக இருந்த ஒரு சிறப்புக் குழந்தையை இண்டிகோ விமானத்தில் ஏற்ற ஊழியர்கள் மறுத்துவிட்டார்கள். விமானப் போக்குவரத்துத் துறை விசாரித்து, அந்த நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அன்றைக்கு அங்கே இருந்த மற்ற பயணிகள், டாக்டர்கள் உட்பட, அந்தக் குடும்பத்துக்காக வாதாடினார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல்.

சட்டம் எந்தப் பக்கம்?

1995-ல் வந்த பழைய சட்டத்தில் ஊனம் என்று ஏற்கப்பட்டவை 7 வகை மட்டும். 2016-ஆம் வருஷத்துச் சட்டம் (2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது) அதை 21 ஆக்கியது. ஹீமோஃபீலியா, தலசீமியா, சிக்கிள் செல், மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், பார்க்கின்சன், ஆட்டிசம், கற்றல் குறைபாடு... பட்டியலை ஒரு தடவை பாருங்கள். இவற்றில் பலவும் பார்த்தால் தெரியாதவைதான்! அதாவது, நம் கண் பழகாவிட்டாலும் சட்டம் பழகிவிட்டது.

வேலை ஒதுக்கீடு மாதிரியான சில சலுகைகளுக்கு 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்றிதழ் வேண்டும். ஆனால், எல்லாவற்றுக்கும் அந்த 40 தேவை இல்லை. இதற்கு ஒரு நல்ல வழக்கு உண்டு. கையெழுத்து எழுதும்போது மட்டும் விரல்கள் இழுத்துக்கொள்கிற 'ரைட்டர்ஸ் க்ராம்ப்' உள்ள ஒரு இளைஞர், எம்.பி.பி.எஸ். படித்தவர், சிவில் சர்வீஸ் தேர்வில் தனக்குப் பதிலாக எழுத ஓர் ஆள் கேட்டார். மறுத்துவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 40 சதவீதம் இல்லை என்பதற்காக அந்த வசதியை மறுக்கக்கூடாது என்றது. யாரோ தவறாகப் பயன்படுத்திவிடுவார்கள் என்ற சந்தேகத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்வதையும் நீதிபதிகள் ஏற்கவில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அதே 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு. ஒரு மாற்றுத் திறனாளியைப் பொது இடத்தில், அவமானப்படுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே இழிவாகப் பேசினாலோ, மிரட்டினாலோ, 6 மாதத்திலிருந்து 5 வருஷம் வரை சிறை, அபராதம் வேறு! பஸ்ஸில் ஒருவர் தெரியாமல் கேட்டுவிட்டதற்கெல்லாம் இது பாயாது. ஆனால், 'நடிக்கிறியா?' என்று நாலு பேர் முன்னால் கேலி செய்து ரசிக்கிறவர்கள் யோசிக்க வேண்டிய பிரிவு.

பார்க்கிங்குக்கும் விதி இருக்கிறது. பஸ் நிலையம், ரயில் நிலையம், விமான நிலையங்களில் மாற்றுத் திறனாளிகளுக்கு ஏற்ற வாகன நிறுத்துமிடம் வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. கட்டட வழிகாட்டு நெறிகளின்படி அந்த இடம் நுழைவாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அகலம் 3.6 மீட்டர். சாதாரண இடத்தைவிட ஒரு மீட்டருக்கு மேல் கூடுதல். கதவை முழுசாகத் திறக்கவும், பக்கத்தில் சக்கர நாற்காலியை நிறுத்தவும்தான் அந்த இடம். பைக்கை 'சும்மா ரெண்டு நிமிஷம்' செருகுவதற்கு இல்லை!

குறை எங்கே இருக்கிறது தெரியுமா? நாடு முழுவதற்கும் பொதுவாக, காரில் வைக்கிற ஓர் அட்டை நம்மிடம் கிடையாது. வாட்ச்மேன் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பாவம், அவர் என்ன செய்வார்? பிரிட்டனில் இதற்கென்றே 'ப்ளூ பேட்ஜ்' உண்டு. 2019 ஆகஸ்ட் 30 முதல் இங்கிலாந்தில் வெளியே தெரியாத வியாதிக்காரர்களுக்கும் அது கிடைக்க வழி செய்தார்கள். லண்டனில் 2017-லிருந்து 'எனக்கு இடம் தாருங்கள்' என்று ஒரு பேட்ஜ். குத்திக்கொண்டு ரயிலில் ஏறினால் போதும், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். டோக்கியோவில் 2012-லிருந்து சிவப்பு அட்டை, அதில் வெள்ளைக் கூட்டல் குறியும் இதயமும். பையில் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். 2016-ல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ஆரம்பித்த சூரியகாந்திப் பூ போட்ட கழுத்துப் பட்டை பல நாட்டு விமான நிலையங்களுக்குப் பரவிவிட்டது.

இது நமக்கும் வந்தால் நல்லதுதான். ஆனால், எனக்கு ஒரு சின்ன சந்தேகம். நம் ஊரில் அந்த பேட்ஜைக் குத்திக்கொண்டு ஒரு கல்யாணமாகாத பெண் வெளியே போவாளா? வீட்டில் விடுவார்களா? 'நாளைக்கு வரன் பார்க்க வேண்டாமா' என்று கழற்றச் சொல்லிவிடுவார்களே! இதையும் மனசில் வைத்துத்தான் நம் ஊருக்கு ஏற்ற வழி யோசிக்க வேண்டும்.

ஏமாற்றுகிறவர்களே இல்லையா?

இருக்கிறார்கள். இல்லை என்று யார் சொன்னது? 2024-ல் மகாராஷ்டிராவில் ஒரு பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரி மீது போலி ஊனச் சான்றிதழ் உட்படப் பல புகார்கள் எழுந்து, நாடே பேசியது. யு.பி.எஸ்.சி. அவருடைய தேர்வையே ரத்து செய்தது. அதன் பிறகு நடந்ததுதான் வருத்தம். வெளியே தெரியாத குறைபாட்டோடு நியாயமாக வேலைக்கு வந்தவர்களையும் 'இவர் நடந்து வர்றாரே, டான்ஸ் ஆடறாரே' என்று படம் போட்டுச் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள்.

போலிகளைப் பிடிப்பது மருத்துவக் குழுவின் வேலை, போலீஸ் வேலை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வேலை இல்லை. அவரிடம் எக்ஸ்ரேயும் இல்லை, எக்கோவும் இல்லை.

இன்னொரு கோணமும் உண்டு. இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரல் அடைப்பு ஆகியவை அந்த 21 வகைப் பட்டியலில் இல்லை. அதனால் இவர்கள் கையில் அட்டையும் இருக்காது. முகத்திலும் தெரியாது. ரயில்வே மட்டும் இதில் கொஞ்சம் முந்திக்கொண்டது எனலாம். புற்றுநோய், தலசீமியா, ஹீமோஃபீலியா, சிறுநீரக நோய், வயிற்றில் பை பொருத்திய ஆஸ்டமி நோயாளிகள் என்று 11 வகை நோயாளிகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தியபோதும் இது நிற்கவில்லை.

காரங்காட்டுக்குக் கிளம்புகிறீர்களா?

லீவு நாளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரங்காட்டுக்குப் போகிற குடும்பங்கள் இப்போது அதிகம். அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய்வர வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். பறவைகள், ஊர்ப் பெண்கள் கையால் மீன் சாப்பாடு... நல்ல இடம். பாக் நீரிணைக் கரை என்பதால் அலையும் குறைவு. உங்கள் குழுவில் 'பார்த்தா நல்லாத்தானே' ரகத்து ஆள் ஒருவர் இருந்தால், கிளம்புவதற்கு முந்தின நாளே அவரிடம் தனியாகக் கேளுங்கள்: "எவ்வளவு தூரம் நடக்க முடியும்? எவ்வளவு நேரம் வெயில் தாங்கும்? பாத்ரூம் எத்தனை மணிக்கொரு தடவை வேணும்?" கூட்டத்தில் வைத்துக் கேட்டால், 'எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்' என்றுதான் சொல்வார்.

படகில் ஏற்றும்போது ஒரு விஷயம். தயவுசெய்து யார் கையையும் பிடித்து வெடுக்கென்று இழுக்காதீர்கள்! முடக்குவாதக்காரரின் மணிக்கட்டு அதைத் தாங்காது. ஹீமோஃபீலியா பையனின் முழங்கை தாங்காது. டயாலிசிஸ் செய்கிறவருக்கு ஒரு கையில் தமனியையும் சிரையையும் இணைத்து 'ஃபிஸ்டுலா' வைத்திருப்பார்கள். சட்டைக் கைக்குள் மறைந்திருக்கும். தொட்டுப் பார்த்தால் தோலுக்கடியில் ரீங்காரம் மாதிரி அதிரும். வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை, சுமார் 4 மணி நேரம் அவர் உயிர் பிடித்திருப்பது அந்த வழியாகத்தான். அந்தக் கையில் பாரம் தூக்கக்கூடாது, இறுக்கிப் பிடிக்கக்கூடாது, பி.பி. பார்க்கவும் கூடாது. அதனால் உங்கள் முழங்கையை நீட்டுங்கள். எந்தக் கையால், எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்பதை அவர் பார்த்துக்கொள்வார். பார்வை குறைந்தவர்களுக்கும் இதே முறைதான்.

எஞ்சின் சத்தம் ஒத்துக்கொள்ளாத குழந்தை என்றால் காதை மூடும் ஹெட்ஃபோன் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள். படகுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சொன்னால் புரிந்துகொள்கிற ஜனங்கள்.

வியாதி உங்களுக்கே என்றால்? பஸ்ஸில் யாராவது எழுப்பினால் முழு மருத்துவக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. "எனக்கு நிக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார், அண்ணே" என்று சத்தமாக, நிதானமாக ஒரே வரி. பெரும்பாலும் அதற்கே அடங்கிவிடுவார்கள். இடம் வேண்டுமென்றாலும் அதே மாதிரி வாய் விட்டுக் கேட்டுவிடுங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இருக்கும் பெண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வயிறு தெரியாத அந்த நாட்களில்தான் தலைசுற்றலும் குமட்டலும் அதிகம். டாக்டரிடம் லெட்டர்பேடில் நாலு வரி எழுதி வாங்கி, லேமினேட் செய்து பர்ஸில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். இரண்டு மொழியிலும் இருந்தால் வெளியூரிலும் உதவும்.

21 வகைக்குள் வருகிறவர்கள் தனித்துவ அடையாள அட்டைக்கு (யு.டி.ஐ.டி.) விண்ணப்பித்துவிடுங்கள். ஆதார், போட்டோ, சிகிச்சை ஆவணங்கள் வேண்டும். இன்டர்நெட் வழியாகவே போடலாம். முடியாதவர்கள் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். எந்த நாளில் எந்த டாக்டர் பரிசோதிப்பார் என்று அங்கேயே சொல்வார்கள். சாதாரண கட்டண டவுன் பஸ்களில் 2021 மே மாதம் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. பிறகு மாற்றுத் திறனாளிகளுக்கும், துணைக்கு வருகிற ஒருவருக்கும் அது உண்டு என்றார்கள். ஆண் என்றால் கண்டக்டர் அட்டையைக் கேட்பார். அட்டையைக் கையிலேயே எடுத்து வைத்துக்கொண்டு ஏறினால், "பார்த்தா நல்லாத்தானே..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் நீட்டிவிடலாம்.

காரங்காட்டில் படகு காலையிலேயே கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும். காலையில் மூட்டு இறுகுகிறவர் கூட இருந்தால் மட்டும் சாயங்காலப் படகுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அது இருட்டுவதற்குள் கரைக்கு வந்துவிடுமா என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.